வன்முறை நடந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இசை சிகிச்சை உதவுமா? கோயில் பஜனை போதாதா?

நீங்கள் எழுதியிருப்பது: தங்கை கணவனின் அடி தாங்காமல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 4. ஸ்கூலில் மியூசிக் தெரபி என்கிறார்கள். வீட்டில் ஆயா, அதாவது பாட்டி, "கோயிலுக்குக் கூட்டிப் போங்க, நாலு பாட்டுக் கத்துக்கட்டும், எல்லாம் சரியாயிடும்" என்கிறார்.

ஆயா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள அந்தப் பிள்ளைகளின் காதிலிருந்து தொடங்க வேண்டும். அடி விழும் வீட்டில் பிள்ளையின் காது எப்போதும் காவலுக்கு நிற்கும். கார் வந்து நிற்கிற விதம், செக்யூரிட்டி கேட்டின் பூட்டு கடகடக்கும் சத்தம், சாவியை மேசையில் வைத்தாரா எறிந்தாரா என்பது: இதை வைத்தே இன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டுவிடும். அங்கே சத்தம் யாரோ போடுவது, நிறுத்தப் பிள்ளையால் முடியாது. இசை சிகிச்சையில் முதலில் மாற்றுவது இதைத்தான்: தொடங்குவதும் நிறுத்துவதும் பிள்ளையின் கையில்.

பஜனையில் அது நடக்காது. எப்போது தொடங்குவது, எவ்வளவு சத்தம், எப்போது முடிப்பது என்று தீர்மானிப்பவர் வேறொருவர். ஆனாலும் பஜனையை விட வேண்டாம். டர்பன் பிள்ளைகள் பலர் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் தமிழ்ப் பாட்டுப் பாடுகிறார்கள், அர்த்தம் தெரியாது. இந்தப் பிள்ளைகளுக்கு அது ஒருவகையில் வசதி. எதையும் விளக்கிச் சொல்லாமல் பத்துப் பேரோடு சேர்ந்து மூச்சுவிடலாம். காவடி சமயத்து உறுமி மேளம் வேறு விஷயம். பக்கத்தில் நிற்க வைக்காதீர்கள். எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதைப் பையனே சொல்லட்டும், போகலாம் என்றால் உடனே கிளம்பிவிட வேண்டும்.

சிகிச்சை அறையில் பெரும்பாலும் வாரம் ஒரு முறை, 30 முதல் 45 நிமிடம். தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு வாரமும் அதே பாட்டு, ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று தெரிவதே இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய நிம்மதி. கதவு கண்ணில் படும்படி பிள்ளையை உட்கார வைப்பார்கள். சைலபோனில் (குச்சியால் தட்டி வாசிக்கும் கட்டை வாத்தியம்) ம, நி கட்டைகளைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ச ரி க ப த, நம் மோகன ராகம். எதைத் தட்டினாலும் அபஸ்வரம் வராது, "தப்பு" என்ற சொல்லுக்கே வேலையில்லை. பிள்ளை தட்டும் வேகத்தைச் சிகிச்சையாளர் பிடித்துக்கொண்டு கூடவே வாசிப்பார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். நிமிடத்துக்கு 120 தட்டில் இருக்கும் பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் தாலாட்டுப் போட்டால் ஒட்டாது.

அடிக்கடி நடக்கும் தவறு, "கோபத்தையெல்லாம் டிரம்மில் கொட்டு" என்பது. ஓங்கி ஓங்கி அடிக்கையில் உடம்பு இன்னும் முறுக்கேறும், அந்தச் சத்தமே பழைய ராத்திரியைக் கூட்டி வந்துவிடும். இரண்டாவது தவறு, உறைந்துபோவதை அமைதி என்று நினைப்பது. குச்சியைப் பிடித்த விரல் வெளுத்திருக்கும், மூச்சு மேலோட்டமாக இருக்கும், கண் கதவிலேயே நிற்கும். அப்போது வாசிப்பை நிறுத்தி, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, அறையில் உள்ள மூன்று பொருளைக் காட்டச் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம். 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் 3 மேசைக்கரண்டி அரிசி போட்டு மூடியை டேப்பால் இறுக்கச் சுற்றுங்கள், சின்னவள் திறந்து வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க. பருப்பு வேண்டாம், சத்தம் கூர்மையாக வரும். பிள்ளை கையை விரித்தால் எல்லோரும் குலுக்க வேண்டும், மூடினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். விளையாட்டுக்குக்கூட அம்மா ஒரு குலுக்கு கூடுதலாகக் குலுக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் தன் கைக்கு அடங்கி நிறுத்துவதைப் பிள்ளை பார்ப்பதுதான் இதில் மருந்து. 9 வயதுப் பையன் தன் முறையைத் தங்கைக்கே விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தால் நல்ல பிள்ளை என்று மெச்சாதீர்கள். அம்மாவையும் தங்கையையும் காக்கும் வேலையை அவன் இன்னும் இறக்கி வைக்கவில்லை என்று அர்த்தம். இப்படிப்பட்ட பிள்ளையைச் சிகிச்சையாளர் முதலில் சில வாரம் தனியாகப் பார்ப்பது நல்லது.

சின்னவளுக்கு மடியில் வைத்து ஆராரோ போதும். உங்கள் தங்கைக்குக் குரல் எழும்பாமல் போகலாம், அப்படி ஆகிறதுண்டு. வாயை மூடி முனகினால் போதும், நெஞ்சின் அதிர்வு பிள்ளையின் முதுகுக்குப் போகும்.

அப்பா காரில் போட்ட பாட்டைப் போடச் சொல்லிப் பையனே கேட்டால் தடுக்காதீர்கள். அப்பாவைப் பார்த்துப் பயமும் இருக்கும், ஏக்கமும் இருக்கும், இரண்டும் நிஜம். அதே பாட்டு ரேடியோவில் திடீரென்று வந்து அவன் சுருண்டால் மட்டும் ரேடியோவை மெதுவாக நிறுத்திவிடுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது: பாட்டு டீச்சர் இசை சிகிச்சையாளர் ஆகமாட்டார். தென்னாப்பிரிக்காவில் இதற்கு சுகாதாரத் தொழில் கவுன்சிலான ஹெச்பிசிஎஸ்ஏவில் பதிவு வேண்டும், பெயரைப் போட்டு அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் இதற்கு முதுகலைப் படிப்பு உண்டு. மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) பணம் தருமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வன்முறை நின்ற பிறகுதான் பலன் தரும். தங்கையின் கணவர் இன்னும் கேட்டுக்கு வந்து மிரட்டினால் முதல் வேலை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு. 1998 குடும்ப வன்முறைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன்படி பிள்ளையின் கண்முன் அடிப்பதும் குடும்ப வன்முறைதான், விண்ணப்பத்தில் அதையும் எழுதச் சொல்லுங்கள். பெண்கள் மீதான வன்முறைக்கான உதவி எண் 0800 428 428. பிள்ளைகளே பேச சைல்ட்லைன் 116, கட்டணம் இல்லை.

இன்னொன்று, சிகிச்சைக்குப் போகும் கிழமையைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட வேண்டாம். பையன் அழகாக வாசிக்கிறான் என்று வீடியோ எடுத்து அனுப்பவும் வேண்டாம். பின்னால் தெரியும் ஜன்னல் ஒன்றே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.