ஃப்ரீ மீல்ஸ் அப்ளை பண்ணா பையனுக்கு மார்க் வராதா? கோவென்ட்ரியிலேர்ந்து ஒரு அம்மாவோட கேள்வி

கேள்வி: மேடம், நாங்க கோவென்ட்ரியில இருக்கோம். போன வருஷம் வீட்டுக்காரருக்கு முதுகுல ஆபரேஷன், அதிலேர்ந்து வேர்ஹவுஸ் வேலை போயிடுச்சு. நான் கேர் ஹோம்ல வாரம் 10 மணி நேரம் போறேன், மீதி யூனிவர்சல் கிரெடிட்னு அரசாங்கம் தர்ற உதவித்தொகையில ஓடுது. பையன் இயர் 8, அதாவது 12-13 வயசு கிளாஸ். மேத்ஸ்ல மார்க்க வச்சுப் பிரிக்கிற அஞ்சு செட் இருக்கு, நாலாவதுல போட்டிருக்காங்க. ஃப்ரீ மீல்ஸ் வாங்குற பிள்ளைங்களுக்கு மார்க்கே வராது, அப்ளை பண்ணா ஸ்கூல்ல ஒரு மாதிரி பாப்பாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க. கடன வாங்கியாவது ட்யூஷன் வைக்கணுமா? வீட்ல தமிழ் பேசுறதும் தப்போன்னு பயமா இருக்கு.

பதில்: மொதல்ல அப்ளை பண்ணிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். யூனிவர்சல் கிரெடிட்டோட, வரி போக கைக்கு வர்ற சம்பளம் வருஷத்துக்கு 7,400 பவுண்டுக்கு மேல போகலன்னா இப்பவே உங்க பையனுக்கு உரிமை இருக்கு, பெனிஃபிட் பணம் அந்தக் கணக்குல சேராது. (2026 செப்டம்பர்லேர்ந்து யூனிவர்சல் கிரெடிட் வாங்குற எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் சாப்பாடுன்னு 2025 ஜூன்ல அரசாங்கம் அறிவிச்சது தனி.) கவுன்சில் வெப்சைட்ல ஃபார்ம் இருக்கு, உங்க நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் கையில இருந்தா பத்து நிமிஷ வேலை.

கேன்டீன்ல யாருக்கும் தெரிஞ்சிடுமோன்னு கவலப்படாதீங்க. இப்ப பெரும்பாலான செகண்டரி ஸ்கூல்ல கார்டு, இல்லன்னா கைரேகைதான், காசு கட்டுற பிள்ளையும் கட்டாத பிள்ளையும் ஒரே வரிசையில நின்னு ஒரே மெஷின்லதான் விரல வைக்குதுங்க.

சாப்பாட்டோட இது முடியறதில்ல. 2011லேர்ந்து இங்கிலாந்துல பியூபில் பிரீமியம்னு ஒண்ணு இருக்கு, ஃப்ரீ மீல்ஸ்ல பதிவான ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசாங்கம் ஸ்கூலுக்கு கூடுதலா பணம் தருது, 2025-26ல செகண்டரிக்கு ஆளுக்கு 1,075 பவுண்டு. ஒரு தடவ பதிவானா, அப்புறம் உங்க வருமானம் ஏறினாலும் 6 வருஷத்துக்கு அந்தப் பேரு கணக்குல இருக்கும். அக்டோபர்ல எடுக்குற ஸ்கூல் சென்சஸ்ல இருக்குற பேர வச்சுதான் கணக்கு, அதனால அதுக்கு முன்னாடி ஃபார்ம் போயிடணும். வெக்கப்பட்டு விட்டுட்டா, பையனுக்காக ஸ்கூலுக்கு வர வேண்டிய பணம் வராமலே போயிடும், அவ்வளவுதான் நடக்கும்.

சரி, மார்க் விஷயம். தெரிஞ்சவங்க சொன்னதுல பாதி உண்மை இருக்கு, அத மறைக்க மாட்டேன். 16 வயசுல எழுதுற ஜிசிஎஸ்இ பரீட்சையில 9தான் டாப் கிரேட். 2024 ரிசல்ட்ல இங்கிலீஷ், மேத்ஸ் ரெண்டுலயும் கிரேட் 5 இல்ல அதுக்கு மேல வாங்குனவங்க, வசதி கம்மியான பிள்ளைங்கள்ல 25.8 சதவீதம், மத்த பிள்ளைங்கள்ல 53.1. பாதிக்குப் பாதி. ஆனா இத "ஏழைப் பிள்ளைக்கு மண்டை கம்மி"ன்னு படிக்கிறவங்க மேல எனக்குக் கோவம் வரும். லண்டன எடுத்துக்கோங்க, 1990கள்ல உள் லண்டன் ஸ்கூல்னாலே மோசம்னு பேரு, 2003ல அந்த ஸ்கூல்கள மேம்படுத்த லண்டன் சேலஞ்ச்னு ஒரு திட்டம் வந்துச்சு, அதோட வேற பல காரணமும் சேந்துச்சு, இன்னைக்கு வசதியில்லாத லண்டன் பிள்ளைங்க மத்த ஊர்கள்ல இருக்குற அதே மாதிரி பிள்ளைங்கள விட சராசரியா நல்லாவே மார்க் எடுக்குறாங்க. இன்னொண்ணு, ரொம்ப அடி வாங்குறது ஸ்கூல் காலம் பூராவும் வறுமையிலேயே இருக்குற பிள்ளைங்கதான். உங்க வீட்ல கஷ்டம் வந்து ஒரு வருஷம்தான் ஆகுது.

அப்ப மார்க் எங்கதான் கொறையுது? நான் இங்க அரசு ஸ்கூல்கள்ல 17 வருஷம் மேத்ஸ் எடுத்தவ, கண்ணால பாத்ததச் சொல்றேன். இயர் 10ல ஒரு பொண்ணு, ஸ்பார்க்ஸ் மேத்ஸ்னு ஆன்லைன்ல பண்ற ஹோம்வொர்க் எப்பவும் ராத்திரி 11.40க்குத்தான் வரும், பாதி வாரம் வரவே வராது. நான் சோம்பேறித்தனம்னு நெனச்சு டிடென்ஷன் போட்டேன். ஸ்பார்க்ஸ்ல விடை மட்டும் போதாது, ஒவ்வொரு கணக்குக்கும் அது காட்டுற புக்வொர்க் கோடு போட்டு கணக்க நோட்டுல எழுதியிருக்கணும், அந்த நோட்டக் கேட்டேன், பழைய கரண்ட் பில் கவரோட பின்பக்கமா அடுக்கி கிளிப் போட்டுக் கொண்டு வந்தா. கோடு, ஸ்டெப்பு எல்லாம் வரிசையா சரியா இருந்துச்சு. வீட்ல நாலு பிள்ளைக்கு ஒரே ஃபோன், அதுவும் அம்மா க்ளீனிங் ஷிஃப்ட் முடிஞ்சு பத்தரைக்கு வந்தாதான். ஸ்கூல் ஸ்டோர்ல சும்மா கெடந்த லேப்டாப் ஒண்ண கையெழுத்து வாங்கிக் குடுத்தோம், மூணாவது வாரத்துலேர்ந்து ஹோம்வொர்க் சாயங்காலமே வந்துச்சு. அவ கேக்கல, நாங்களும் கேக்கல, அதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிடுச்சு. அந்த டிடென்ஷன நெனச்சா எனக்கு இன்னைக்கும் மனசு கஷ்டமா இருக்கு.

அதனால நீங்க கேளுங்க. பியூபில் பிரீமியம் பாத்துக்கன்னு ஸ்கூல்ல ஒரு டீச்சர் இருப்பாங்க, அவங்களுக்கு ஒரு ஈமெயில் போட்டு லேப்டாப் கடனா கிடைக்குமா, ரிவிஷன் கைடு கிடைக்குமா, ஸ்கூல் முடிஞ்சு மேத்ஸ் கிளாஸ் இருக்கான்னு கேளுங்க. அந்தப் பணத்த எதுக்குச் செலவு பண்றாங்கன்னு ஒவ்வொரு ஸ்கூலும் வருஷா வருஷம் வெப்சைட்ல போடணும்னு விதி இருக்கு, போறதுக்கு முன்னாடி அதப் படிச்சுட்டுப் போங்க. பணம் உங்க பையனுக்கே செலவாகணும்னு கட்டாயம் இல்ல, ஆனா கேக்குற அம்மாவுக்கு பதில் வரும்.

இப்ப செட். எனக்கு உங்க லெட்டர்லயே ரொம்ப உறுத்துனது இதுதான். ஜிசிஎஸ்இ மேத்ஸ்ல ஃபவுண்டேஷன், ஹையர்னு ரெண்டு பேப்பர், ஃபவுண்டேஷன் எழுதுனா எவ்வளவு நல்லா எழுதினாலும் கிரேட் 5க்கு மேல கிடையாது. அதுக்கப்புறம் 18 வயசு வரைக்கும் படிக்கிற ஏ லெவல்ல மேத்ஸ் எடுக்க பொதுவா 6 இல்ல 7 கேப்பாங்க, அதாவது கதவு பரீட்சைக்கு முன்னாடியே மூடிடும். கீழ் செட்ல சர்ட்ஸ், சர்க்கிள் தியரம் மாதிரி ஹையர் பாடத்த நடத்தாமலே விடலாம், நடத்தாதத அப்புறம் பையன் எப்படி எழுதுவான்? வசதி கம்மியான பிள்ளைங்க கீழ் செட்ல அதிகமா இருக்குறது இந்த நாட்டுல பல வருஷமா இருக்குற விஷயம். பேரன்ட்ஸ் ஈவ்னிங்ல "எப்படி இருக்கான்"னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. இந்த செட்ல ஹையர் பாடம் நடத்துறீங்களா, செட் மாத்துற டெஸ்ட் எப்ப, மேல போக எத்தன மார்க் வேணும், இப்ப அவன் எந்த டாபிக்ல விடுறான், இத எழுதி எடுத்துட்டுப் போங்க. இயர் 8தான், மேல ஏற நேரம் இருக்கு. ஆனா கண்ண மூடிட்டு ஹையர்தான் வேணும்னும் நிக்காதீங்க, ஹையர்ல ரொம்பக் கீழ விழுந்தா கிரேடே கிடைக்காது, மேத்ஸ்லயோ இங்கிலீஷ்லயோ 4 வரலன்னா 16க்கு அப்புறமும் அத தொடர்ந்து படிச்சாகணும்.

லீவும் அப்படித்தான். வருஷத்துக்கு 190 நாள் ஸ்கூல், அதுல 19 நாள் வராமப் போனாலே தொடர்ந்து வராத பிள்ளைன்னு கணக்குல வந்துடுவான். டிக்கெட் சீப்னு டெர்ம் நடுவுல ரெண்டு வாரம் ஊருக்குப் போனா பத்து நாள் போச்சு, 80 பவுண்டு ஃபைன் வேற வரலாம், ஆனா எனக்கு அந்த ஃபைன விட, திரும்பி வர்றப்ப கிளாஸ்ல அல்ஜீப்ரா முடிஞ்சிருக்கும்னுதான் கவலை.

தமிழ் பேசுறது தப்பே இல்ல, தாராளமா பேசுங்க. வீட்ல வேற மொழி பேசுற பிள்ளைங்க இங்க ஜிசிஎஸ்இ வர்றதுக்குள்ள எட்டிப் பிடிச்சிடுறாங்க, செகண்டரியில அவங்க முன்னேறுற வேகம் இங்கிலீஷ் வீட்டுப் பிள்ளைங்கள விட சராசரியா அதிகம்.

ட்யூஷனுக்குக் கடன் வேண்டாம். கார்பெட் மேத்ஸ் வெப்சைட் ஃப்ரீ, பிபிசி பைட்சைஸ் ஃப்ரீ, வீட்ல சத்தமா இருந்தா லைப்ரரில உக்காந்து படிக்கலாம். வீட்டுக்காரர் இப்ப வீட்லதான இருக்காரு? அவரு கணக்கு சொல்லித் தர வேண்டாம். சாயங்காலம் 6லேர்ந்து 7 வரைக்கும் டிவிய அணைச்சுட்டு, சாப்பாட்டு மேஜையில பையன் பக்கத்துல ஒரு சேர போட்டு முதுகுக்குத் தலகாணி வச்சு உக்காந்திருக்கச் சொல்லுங்க, "இந்த ஸ்டெப் எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லு"ன்னு தமிழ்லயே கேக்கச் சொல்லுங்க. பையன் சொல்ல முடியாம நிக்கிற எடத்த ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்க, அந்தப் பேப்பரோட மேத்ஸ் டீச்சரப் போய்ப் பாருங்க.