சிவப்புப் பென்சில் திருத்தங்கள்

கேள்வி: கட்டடக்கலைப் பேராசிரியர் ஒருவருக்கு நினைவு மலர் போடுகிறோம். அவர் சிவப்புப் பென்சிலால் திருத்திய எங்கள் பழைய ட்ரேசிங் தாள்கள் (ஒளி ஊடுருவும் வரைபடத் தாள்கள்) சுருட்டியே கிடக்கின்றன. விரித்தால் ஓரம் உடைகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: முதலில் இஸ்திரிப் பெட்டியைத் தூர வையுங்கள். ஈரத்துணியும் கூடாது. ட்ரேசிங் தாள் ஈரம் பட்டால் உப்பி அலை அலையாக நெளியும், பிறகு படியாது. அவசரப்பட்டு முழுதாக விரிக்காமல், நாலு விரல் அகலம் விரித்து மேலே எடை வையுங்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம். முழுதும் விரிந்ததும் இரண்டு மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பலகையும் கனமான புத்தகங்களும் ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் வேண்டாம். பசை கசிந்து மஞ்சள் கறை விழும். லேமினேஷனும் அப்படித்தான், ஒட்டினால் ஒட்டினதுதான்.

ஸ்கேன் செய்யும்போது பின்னால் வெள்ளைத் தாள் வைக்காவிட்டால் கோடுகள் மங்கும். 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி) துல்லியத்தில், கலரில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் மாணவன் போட்ட கோடும் ஆசிரியர் போட்ட கோடும் ஒன்றாகிவிடும். அப்புறம் மலரில் என்ன இருக்கிறது? தாளை உருளை இழுக்கும் ஸ்கேனர் ஆகாது. ஏ1 அளவுப் பெரிய தாளென்றால் சுவரில் மாட்டி, இருபுறமும் 45 டிகிரியில் விளக்கு வைத்துப் படமெடுங்கள். அம்மோனியா பிரின்டுகளை (அம்மோனியாவால் எடுத்த பழைய வரைபட நகல்களை) இவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். அவை வெளிச்சத்தில் வெளிறுவதோடு பக்கத்துத் தாளையும் கறையாக்கும்.

கேள்வி: கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி பாடமும் நடத்தியவரா?
– வாசகி, மதுரை

பதில்: ஆமாம். 1962-ல் அகமதாபாத் கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கியவரே அவர்தான். கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் 2018-ல்தான் வந்தது.