கோலம் இல்லாத வாசலும் என்கே செல்லும்

கேள்வி: நோயை எதிர்க்கற வெள்ளையணுல ஒரு வகையான டி செல் மாதிரி ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி ரிசெப்டர் (மத்ததை அடையாளம் கண்டுக்க செல் மேல இருக்கற புரோட்டீன்) இல்லாத என்கே செல், அதாவது நேச்சுரல் கில்லர்ங்கற இன்னொரு வெள்ளையணு, எதை வச்சு கெட்டுப்போன செல்லை கண்டுபிடிக்குது?

எம்எஸ்சி படிக்கறப்ப என்னை ரொம்ப நாள் குடைஞ்ச கேள்வி இது. டி செல்லாவது ஜீனை வெட்டி ஒட்டி விதவிதமா ரிசெப்டர் செஞ்சுக்குது, என்கே செல்லுக்கு அந்த வேலையே கிடையாது, பரம்பரையா வந்த ரிசெப்டர் என்னவோ அதை வச்சுக்கிட்டுதான் சுத்துது.

காலைல ஒரு வீட்டு வாசல்ல கோலம் இல்லன்னா தெருவுல போறவங்க ஒரு நிமிஷம் நின்னு பாப்பாங்கல்ல, என்ன ஆச்சோன்னு, அதேதான் இங்கயும். நம்ம செல் எல்லாம் அநேகமா ஹெச்எல்ஏ கிளாஸ் 1ங்கற புரோட்டீனை வெளிய காட்டிக்கிட்டுதான் இருக்கும், என்கே செல்லோட கிர், என்கேஜி2ஏ மாதிரி தடுப்பு ரிசெப்டருங்க அதை தொட்டுப் பாத்ததும் உள்ள ஒரு பாஸ்பட்டேஸ் என்சைம் வந்து அடிக்கற சிக்னலை அணைச்சுடும். டி செல் கிருமியைக் கண்டுபிடிக்கறதும் இந்த ஹெச்எல்ஏ வழியாத்தான், அதனால டி செல் கண்ணுல படக்கூடாதுன்னு வைரஸ் இதை எடுத்துடுச்சுன்னா டி செல் ஏமாந்துடும், ஆனா என்கே செல்லுக்கு கோலத்தைக் காணோம்னு தெரிஞ்சுடும். ஸ்டாக்ஹோம்ல இருக்கற கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகத்துல கிளாஸ் கார்ரேன்னு ஒருத்தர்தான் இப்படி யோசிச்சாரு, 1986ல அவங்க குழு எலிக்கு லிம்போமாங்கற ஒரே புத்துநோயோட ரெண்டு வகையை கொடுத்து பாத்தாங்க, கிளாஸ் 1 இருந்த கட்டி வளந்துச்சு, அதை இழந்த கட்டியை எலியோட என்கே செல் அழிச்சுடுச்சு.

ஆனா கோலம் இல்லங்கறது மட்டும் பத்தாது, இதை நிறைய பேர் விட்டுடறாங்க. ரத்த சிவப்பணுல ஹெச்எல்ஏ ரொம்ப ரொம்ப கம்மி, அதை என்கே செல் ஒன்னும் பண்றதில்லையே! உள்ள இருந்து அழுகை சத்தமும் வரணும். செல்லுக்கு டிஎன்ஏ அடிபட்டாலோ வைரஸ் பூந்தாலோ மைக்-ஏ, மைக்-பி மாதிரி புரோட்டீன் மேல வரும், அதை என்கே செல்லோட என்கேஜி2டிங்கற தூண்டற ரிசெப்டர் பிடிக்கும். ஆன்டிபாடி ஒட்டின செல்லா இருந்தா சிடி16ங்கற இன்னொரு ரிசெப்டர் பிடிக்கும், ரிட்டுக்ஸிமாப்ங்கற ஆன்டிபாடி மருந்து வேலை செய்யறதுல இதுக்கும் பங்கு உண்டு. தடுக்கற சிக்னலும் தூண்டற சிக்னலும் சேந்து எந்தப் பக்கம் எடை கூடுதோ அதுதான் முடிவு, அடிக்கணும்னு ஆயிட்டா என்கே செல் விடற பெர்ஃபோரின்ங்கற புரோட்டீன் ஓட்டை போடும், கிரான்சைம்ங்கற என்சைம் உள்ள போய் செல்லை தற்கொலை பண்ண வைக்கும். லேப்ல கே562ங்கற லுக்கீமியா செல்லோட என் ரத்தத்துல இருந்து பிரிச்ச செல்லை சேத்து நாலு மணி நேரம் வச்சுட்டு பாத்தேன், ஹெச்எல்ஏ அநேகமா இல்லாத கே562 அவ்ளோ செத்துக் கிடந்துச்சு, அன்னைக்குத்தான் படிச்சதெல்லாம் நிஜம்னு உறைச்சுது.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது சைட்டோமெகலோ வைரஸ் கதை. ஹெச்எல்ஏ புரோட்டீன் தயாராகறப்ப அதோட முன்பக்கம் வெட்டி எடுக்கற துண்டுல இருந்து 9 அமினோ அமிலம் உள்ள ஒரு துணுக்கு, ஹெச்எல்ஏ-இ (HLA-E)ங்கற இன்னொரு வகை ஹெச்எல்ஏ மேல போய் உக்காரும், அதைப் பாத்துதான் என்கேஜி2ஏ "இங்க எல்லாம் சரியா இருக்கு"ன்னு அடங்கும். இந்த வைரஸ் ஒருபக்கம் மத்த ஹெச்எல்ஏவை அழிச்சுட்டு, இன்னொரு பக்கம் யுஎல்40ங்கற தன்னோட புரோட்டீன்ல அச்சு அசலா அதே 9 அமினோ அமிலத்தை வச்சிருக்கு, அதாவது வீட்டையும் பிடிச்சுக்கிட்டு வாசல்ல கள்ளக் கோலமும் போடுது. நம்ம உடம்பும் சும்மா இல்ல, என்கேஜி2ஏவோட உடன்பிறப்பு மாதிரி என்கேஜி2சின்னு ஒன்னு இருக்கு, அதுவும் பாக்கறது அதே ஹெச்எல்ஏ-இயைத்தான், ஆனா அடங்கச் சொல்லாது, அடிக்கச் சொல்லும். சைட்டோமெகலோ வைரஸ் வந்துபோன பல பேரோட ரத்தத்துல இந்த என்கேஜி2சி உள்ள என்கே செல்லுங்க பெருகி, வருஷக்கணக்கா அப்படியே இருக்கும்.