குக்கீயும் பலகாரம்தான்: பாக்கெட்டின் பின்பக்கம் பற்றி ஒரு கேள்வி பதில்

நான் தர்மபுரியில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். கடையில் விற்கும் சாக்லேட் சிப் குக்கீ பற்றி யார் என்ன கேட்டாலும் சொல்கிறேன் என்று ஒரு ஞாயிறு காலையில் உட்கார்ந்தேன். எழுந்தபோது விளக்கு வைக்கும் நேரம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு அம்மா: மேடம், பையன் ஆறாவது படிக்கிறான். காலையில் இட்லி, தோசை எதுவும் இறங்காது. ஒரு பாக்கெட் குக்கீயும் ஒரு டம்ளர் பாலும்தான். அட்டையில் கோதுமைக் கதிர், பால் எல்லாம் படம் போட்டிருக்கிறதே, சத்து இருக்கும்தானே?

படம் முன்பக்கம் இருக்கிறது, விவரம் பின்பக்கம் இருக்கிறது. பாக்கெட்டைத் திருப்புங்கள். சேர்த்த பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதா இருக்கும். அடுத்த இடங்களில் சர்க்கரை, பாமாயில், சாக்லேட் சிப் என்று வரும். சிப் எத்தனை சதவீதம் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். கதிர் படம் போட்ட கோதுமை அந்த மைதாதான். பால் பவுடர் வரிசையின் கடைசிப் பக்கம் எங்கேயோ நிற்கும்.

அப்புறம் சத்து அட்டவணை. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். 100 கிராமுக்கு ஏறத்தாழ 490 கலோரி, சர்க்கரை 30 கிராமைச் சுற்றி, கொழுப்பு 20 கிராமுக்கு மேல், அதில் பாதியளவு நிறை கொழுப்பு (பாக்கெட்டில் 'சாச்சுரேட்டட் ஃபேட்' என்று இருக்கும்). புரதம் ஐந்தாறு கிராம்தான். ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் பாக்கெட் 75 கிராம், அதில் 100 கிராமுக்குச் சர்க்கரை 32 என்று இருந்தால், பையன் காலையிலேயே 24 கிராம் சர்க்கரை சாப்பிட்டிருக்கிறான். கிட்டத்தட்ட ஐந்து டீஸ்பூன். ஒரு நாளில் 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கே இப்படிச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பையனுக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான். காலையில் தட்டில் ஜாங்கிரி வைத்து, சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போ என்பீர்களா? மாட்டீர்கள். பிஸ்கட் என்று பெயர் இருப்பதால் கை தயங்குவதில்லை. இது பலகாரம். பலகாரம் மாதிரி எண்ணிக் கொடுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு. காலைக்கு ராகி தோசையும் வேர்க்கடலைச் சட்னியும் செய்து பாருங்கள். களி செய்யச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் களிச்சட்டியைக் கண்டால் மொட்டை மாடிக்கு ஓடுகிறவர்கள்தான்.

அரூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சுகர். மகன் 'சுகர் ஃப்ரீ' குக்கீ வாங்கி வந்திருக்கிறான். தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறான். அவசரத்துக்கு என்று சட்டைப்பையிலும் நான்கு வைத்திருக்கிறேன்.

ஐயா, மகனின் அன்பு சரி, 'தாராளமாக' என்றதுதான் தவறு. சர்க்கரை சேர்க்கவில்லை என்றாலும் மைதா அப்படியே இருக்கிறது. மைதா ரத்தத்தில் குளுக்கோஸாகத்தான் முடியும். இனிப்புக்குப் பெரும்பாலும் மால்டிடால் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். அதுவும் சர்க்கரையை ஏற்றும், கொஞ்சம் மெதுவாக. நாலைந்து சேர்ந்தாற்போல் தின்றால் வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். அட்டையிலேயே பொடி எழுத்தில் அந்த எச்சரிக்கை இருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள். கொழுப்பும் கலோரியும் சாதாரண குக்கீயை ஒட்டித்தான் இருக்கும். ஆசைக்கு ஒன்று சாப்பிடுங்கள், அன்று அந்த வேளை ஒரு இட்லியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சட்டைப்பை விஷயம்தான் எனக்குக் கவலை. மாத்திரையாலோ ஊசியாலோ சுகர் திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கும்போது குக்கீ கை கொடுக்காது. அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சுகர் ஃப்ரீ என்றால் இன்னும் மோசம். குளுக்கோஸ் பொடி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சாதாரணச் சர்க்கரை மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துச் சுகரைப் பார்த்துவிட்டு, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. இதை வீட்டில் அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.

ஓசூர், சிப்காட் தொழிலாளி: நைட் ஷிப்டில் இரண்டு மணிக்கு டீயோடு ஒரு பாக்கெட் ஓடிவிடுகிறது. வேறு என்ன சாப்பிடுவது?

வேர்க்கடலை. நம் பக்கம் விளைவது, விலையும் கட்டுப்படியாகும். மூன்று குக்கீ தோராயமாக 35 கிராம், 170 கலோரி, புரதம் 2 கிராம். அதே 170 கலோரிக்கு 30 கிராம் வறுத்த வேர்க்கடலை சாப்பிட்டால் புரதம் 7 கிராமுக்கு மேல் கிடைக்கும், நான்கு மணிக்கு மறுபடி வயிறு கூப்பிடாது. உப்புக்கடலை வேண்டாம். டீயில் சர்க்கரை இருப்பதையும் கணக்கில் வையுங்கள்.

பென்னாகரம், ஒரு அப்பா: பெண்ணுக்கு முன்பற்களில் பழுப்புக் கறை. குக்கீயும் சாக்லேட்டும் தின்றுதான் இப்படி ஆனது என்று அவள் பாட்டி திட்டித் தீர்க்கிறார்.

பாட்டியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் இந்தக் கேள்விக்குச் சாக்லேட்டை விட முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகமுள்ள ஊர்கள் இங்கே நிறைய. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தால், நிலைப்பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு, பிறகு பழுப்பு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. தேய்த்தால் போகாது. சொத்தை அப்படி இருக்காது. கடைவாய்ப் பல்லின் குழியிலும் இரண்டு பல்லுக்கு நடுவிலும் கறுத்து, ஓட்டை விழும், கூசும்.

குக்கீக்குச் சொத்தையில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. மாவும் சர்க்கரையும் சேர்ந்து பல்லிடுக்கில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், வாயில் உள்ள கிருமி அதை அமிலமாக்கும். நாள் முழுவதும் ஒவ்வொன்றாகக் கொறிப்பதைவிட ஒரே தடவை தின்றுவிட்டு வாய் கொப்பளிப்பது மேல். கறையை ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் குடிப்பது போர் தண்ணீரா ஒகேனக்கல் தண்ணீரா என்று அவர் முதலில் கேட்பார்.

அதே ஊரிலிருந்து, பாட்டியே போலிருக்கிறது: இனிப்பு அதிகம் தின்றால் வயிற்றில் பூச்சி வருமா வராதா?

வராதும்மா. பூச்சியின் முட்டை மண்ணிலிருந்தும் கழுவாத கையிலிருந்தும் வருகிறது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கும்போது பேத்தியைப் போடச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி, வங்கி ஊழியர்: ராகி சாக்லேட் சிப் குக்கீ என்று வருகிறது, விலை இரட்டிப்பு. வாங்கலாமா?

ராகி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பெயரில் ராகி இருந்தால் எவ்வளவு என்று போட்டுத்தான் ஆக வேண்டும். முதல் பொருள் மைதாவாக இருந்தால் நீங்கள் நிறத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள். உண்மையிலேயே ராகி அதிகமென்றால் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கூடும். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் சர்க்கரையும் பாமாயிலும் அதே அளவு என்றால் அதுவும் பலகாரம்தான். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்று போட்டிருப்பதற்கும் இதே பதில். ராகி விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, தர்மபுரி ரேஷன் கடையில் 2023 முதல் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தருகிற காலத்தில், அதை குக்கீயாக வாங்குவானேன் என்பது என் சொந்தப் புலம்பல்.

ஊத்தங்கரை, புதிய அம்மா: குழந்தைக்குப் பதினோரு மாதம். பாலில் ஊறவைத்துக் கொடுக்கலாமா அக்கா?

வேண்டாம்மா. இரண்டு வயது வரை சர்க்கரை சேர்த்த எதுவுமே தேவையில்லை. இட்லியைப் பருப்பில் பிசைந்து கொடுங்கள். உறவினர் ஊட்டிவிட்டால் பயப்படாதீர்கள், பழக்கமாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

காவேரிப்பட்டணம்: பேக்கரியில் கண்ணெதிரே சுட்ட குக்கீ நல்லதா, பாக்கெட் நல்லதா?

சூடாக இருப்பது ருசிக்கு நல்லது. டால்டாவிலும் மார்கரினிலும் இருக்கும் டிரான்ஸ் கொழுப்புதான் இதயத்துக்கு எதிரி. 2022 ஜனவரியிலிருந்து கொழுப்பில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம். பாக்கெட்டில் அளவு போட்டிருக்கும், கண்ணாடி ஜாடியில் போட்டிருக்காது. எதில் சுடுகிறீர்கள் என்று அண்ணனிடம் கேளுங்கள், வாடிக்கையாளருக்குச் சொல்வார். பாமாயில் டால்டா அளவுக்கு மோசமில்லை. ஆனால் அதில் பாதி நிறை கொழுப்பு.

பர்கூர், கல்லூரி மாணவி: ஒன்று எடுத்தால் பாக்கெட் காலி. எனக்கு மன உறுதி இல்லையா? இன்னொன்று, பாக்கெட்டில் சேர்த்த பொருட்களில் வரும் 471 என்ற எண் பன்றிக் கொழுப்பு என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

உங்கள் மேல் தவறில்லை. 2019இல் அமெரிக்காவில் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரித்த உணவு, இரண்டு வாரம் சாதாரண உணவு என்று கொடுத்தார்கள். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஒத்த அளவில்தான் இருந்தன. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றபோது, ஆலை உணவு வாரங்களில் ஒரு நாளில் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மென்மையாக, வேகமாக உள்ளே போகிறது. போதும் என்ற செய்தி பிறகுதான் வருகிறது. அதனால் மன உறுதியை நம்பாதீர்கள், டப்பாவை நம்புங்கள். இரண்டை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, பாக்கெட்டை ரூம்மேட்டிடம் கொடுத்துவிடுங்கள். ரூம்மேட்டும் இதே ரகம் என்றால் வாங்காமல் இருப்பதுதான் வழி.

471 ஒரு கலப்பான், அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்ந்திருக்கச் செய்யும் பொருள். தாவர எண்ணெயிலும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலும் செய்யலாம். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். வாட்ஸ்அப்பைவிட அந்தப் புள்ளி நம்பகமானது.

காரிமங்கலம், மளிகைக் கடைக்காரர்: சித்திரை வெயிலில் இருந்த பாக்கெட்டைப் பிரித்தால் சிப் மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பூஞ்சை என்று திருப்பித் தருகிறார்கள்.

பூஞ்சை இல்லை அண்ணா. வெயிலில் சிப்பில் உள்ள கொழுப்பு உருகி, மேலே வந்து, இரவில் உறைந்திருக்கிறது. விரலால் தேய்த்தால் மறையும். தின்றால் ஒன்றும் செய்யாது, ருசி கொஞ்சம் மண் மாதிரி இருக்கும். பஞ்சு மாதிரி முடி முடியாக இருந்தாலோ, பழைய எண்ணெய் வாடை அடித்தாலோதான் தூக்கிப் போட வேண்டும். கடையின் மேற்குப் பக்கத்து ரேக்கிலிருந்து மாற்றி, சோப்பு பக்கம் வைக்காமல், கீழ்த்தட்டில் வையுங்கள். சோப்பு வாசனையை குக்கீ அப்படியே இழுத்துக்கொள்ளும்.