விசிட்டர் விசாவில் வந்து கல்யாணம்: கார்டு வரும் முன் ஊருக்குப் போகலாமா?

அக்கா பிரசவத்துக்குத் துணையாக விசிட்டர் விசாவில் நியூ ஜெர்சிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, இங்கேயே ஒரு தமிழ்ப் பையனோடு கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள், ஊருக்குத் திரும்பாமலே கிரீன் கார்டு வாங்க முடியுமா, எவ்வளவு செலவாகும், வேலைக்குப் போகலாமா, நடுவில் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன் ம்மா.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை அமெரிக்க சிட்டிசன் என்றால் முடியும். கணவர் உங்களுக்காகப் போடும் ஐ-130 மனு, நீங்கள் போடும் கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485, இரண்டையும் சேர்த்தே போடலாம். அவரிடம் கிரீன் கார்டு மட்டும்தான் இருக்கிறது என்றால் கதையே வேறு, அதனால் முதலில் அதைக் கேளுங்கள், பாஸ்போர்ட்டைக் கண்ணால் பாருங்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிப் பெண்ணை இறக்கிய வீடுகளை எனக்குத் தெரியும். செலவு, 2024 ஏப்ரலில் ஏற்றிய கட்டணப்படி ஐ-485க்கு மட்டும் 1,440 டாலர், வக்கீல் தனி. வேலை, அனுமதி அட்டை கைக்கு வந்த பிறகுதான், அதுவரை தெரிந்தவர் கடையில்கூடச் சம்பளத்துக்கு நிற்காதீர்கள்.

இன்னொன்று. இங்கே வந்த பிறகுதான் கல்யாணப் பேச்சே வந்தது என்கிறீர்கள், உண்மை அதுவென்றால் அதிகாரியிடமும் அதையே சொல்லுங்கள். கல்யாணம் செய்து தங்கிவிடும் திட்டத்தோடு கிளம்பிவிட்டு, ஏர்போர்ட்டில் "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று சொன்னால் அது பொய்க் கணக்கில் போகும், அந்தப் பொய் வாழ்நாள் முழுக்க விசாவை அடைத்துவிடலாம். அதனால் ஊரில் இருக்கும் தோழிகளுக்கு இதை ஒரு வழியாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நிச்சயம் ஆன பெண்ணுக்கு கே-1 விசா என்று நேர் வழி இருக்கிறது.

இப்போது ஊருக்குப் போகும் விஷயம். ஐ-485 போட்டுவிட்டு, அட்வான்ஸ் பரோல் என்கிற பயண அனுமதி இல்லாமல் விமானம் ஏறினால், விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். கட்டிய பணம் போகும், கணவர் இங்கே, நீங்கள் அங்கே, மறுபடி ஆரம்பத்திலிருந்து. விண்ணப்பம் போடும் முன்பே ஐ-94இல், அதாவது நீங்கள் உள்ளே வந்த பதிவில், தங்கக் கொடுத்த தேதி முடிந்து 180 நாளுக்கு மேல் தங்கியிருந்தால் வெளியே போனவுடன் 3 வருடத் தடை, ஒரு வருடம் தாண்டியிருந்தால் 10 வருடம். "ஒரு வாரம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்" என்று கோயில் ஹாலில் காபி குடித்துக்கொண்டே சொல்லுவார்கள். ஹெச்-1பி வேலை விசாவில் கம்பெனி வக்கீல் எல்லாம் செய்துகொடுத்து வந்தவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள், எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும், ஏனென்றால் நம்மைப் போல வந்தவர்களின் பாரம் இந்தத் தாளில்தான் இருக்கிறது.

நான் 2005 கடைசியில் எடிசனுக்கு வந்தேன், உங்களைப் போலவே அக்கா வீட்டுக்கு. அடுத்த மார்ச்சில் கல்யாணம். பேப்பர் போட ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தார்கள், வக்கீல் இல்லை, படிவம் நிரப்புகிறவர். பயண அனுமதிக்கான ஐ-131க்கு அப்போது தனிக் கட்டணம், "இப்போ எங்கே போகப்போறீங்க, அந்தக் காசு எதுக்கு தண்டம்" என்றார். நாங்களும் சரி என்றோம். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு கரூரிலிருந்து போன், அப்பா போய்விட்டார். அவசர அனுமதி என்று ஒன்று கேட்கலாம் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. தம்பி செல்போனை அப்பா தலைமாட்டில் வைத்தான். வாய்க்கரிசி போடக் கூப்பிடுகிறார்கள், பேர் சொல்லிச் சொல்லி ஒவ்வொருத்தராகக் கூப்பிடுகிறார்கள், மூத்த பெண் நான் இங்கே சமையலறைத் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், அமராவதிக் கரைக்குத் தூக்கும் முன்னாடியே காலிங் கார்டில் காசு தீர்ந்து லைன் போய்விட்டது.

அடுத்த வருடம் கார்டு வாங்கி ஊருக்குப் போனபோது பெரியம்மா கேட்டார், "டிக்கெட் காசு பார்த்தா வரல?" கடிதாசி இல்லாமல் வெளியே போனால் திரும்ப முடியாது என்று எவ்வளவு சொல்லியும் அவருக்குப் புரியவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வி எனக்கு ஆறவில்லை.

அதனால்தான் அந்த வருடமே எல்லாப் படிவத்தையும் நானே படித்தேன். பனியில் பஸ்ஸுக்கு நின்று கம்யூனிட்டி காலேஜ் போனேன், கார் ஓட்டப் பழகினேன், மருந்துக்கடையில் வேலை வாங்கினேன். இரண்டு வருடக் கார்டை நிரந்தரமாக்கும் ஐ-751ஐ நானே நிரப்பினேன், கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் அதைப் போட வேண்டும், கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகும் முன் கார்டு வந்தால் உங்களுக்கும் அது உண்டு. பாஸ்போர்ட், ஐ-94, ரசீதுகள் எல்லாம் உங்கள் பெட்டியில் இருக்கட்டும், மாமியார் பீரோவில் வேண்டாம். அப்படிப் பூட்டி வைத்துப் பெண்ணை மிரட்டிய குடும்பம் எங்கள் அபார்ட்மெண்டிலேயே இருந்தது. சிட்டிசன் கணவர் கொடுமை செய்தால் அவர் கையெழுத்தே இல்லாமல் பெண் தானாக விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

2007 முதல் 2024 வரை ஐ-131 கட்டணம் ஐ-485க்குள்ளேயே அடங்கியிருந்தது, இப்போது மறுபடி தனி, 630 டாலர். மறுபடி யாராவது உங்களிடம் தண்டம் என்பார்கள். நீங்கள் ஐ-485ஓடு அதே கவரில் போடுங்கள். தம்பி கல்யாணம் எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. அனுமதி வரப் பல மாதம் பிடிக்கலாம், முகூர்த்தத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்க முடியுமா என்று வீட்டில் இப்போதே கேட்டுவிடுங்கள்.