பஸ்ஸோடு சேர்த்து டிக்கெட் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். மகனுக்கு 10 வயது. எங்கள் பிரீமியர் லீக் அணிக்கு எஃப்.ஏ. கோப்பை (பெரிய, சிறிய கிளப்புகள் எல்லாம் மோதும் நாக்அவுட் போட்டி) மூன்றாவது சுற்றில், நான்காம் அடுக்கில் ஆடும் ஒரு சிறிய கிளப்புடன், அவர்கள் ஊரிலேயே ஆட்டம் விழுந்திருக்கிறது. நாங்கள் இருவரும் கிளப் உறுப்பினர்கள். ஆனால் வெளியூர் ஆட்டத்துக்கு இதுவரை போனதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பஸ்ஸும் டிக்கெட்டும் சேர்த்து ஆளுக்கு 140 பவுண்டு என்கிறார். இன்னொரு நண்பர், உள்ளூர் ரசிகர்கள் உட்காரும் பக்கம் வாங்கிவிடு, சுலபம் என்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டுமே வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வாட்ஸ்அப் ஆள் இந்நேரம் உங்களிடம் முன்பணம் கேட்டிருப்பார்.

20 வருடமாக எங்கள் ரசிகர் சங்கத்தில் வெளியூர் ஆட்ட டிக்கெட் சிக்கல்களைக் கவனித்து வருகிறேன். இந்த மாதிரி ஆட்கள் பேசுவது எனக்கு மனப்பாடம். "நான் டிக்கெட் விற்கவே இல்லை. பஸ்ஸில் இடத்துக்குத்தான் காசு, டிக்கெட் சும்மா தருகிறேன்" என்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தில் 166ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆட்டத்தை நடத்துபவர்களின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கால்பந்து டிக்கெட்டை விற்பது குற்றம். வேறு ஒரு பொருளுக்கோ சேவைக்கோ காசு வாங்கிக்கொண்டு டிக்கெட்டைக் கையில் கொடுத்தாலும் அது விற்பனைதான் என்று அதே பிரிவு சொல்கிறது. பஸ் கதை, சாப்பாட்டுக் கதை, டி-ஷர்ட் வாங்கினால் டிக்கெட் என்ற கதை எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

"அச்சிட்ட விலைக்கே தருகிறேன், லாபம் இல்லை, அதனால் தப்பில்லை" என்பது இன்னொரு பேச்சு. இசை நிகழ்ச்சிக்கு அந்த நியாயம் எடுபடலாம். கால்பந்தில் எடுபடாது. லாபம் வைத்தாரா இல்லையா என்று சட்டம் கேட்பதில்லை, அனுமதி இருந்ததா என்றுதான் கேட்கிறது. வாங்குகிற உங்கள்மேல் அந்தப் பிரிவில் வழக்கு வராது. ஆனால் கிளப் அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டால் நுழைவாயிலில் சிவப்பு விளக்கு எரியும், பணமும் போகும். அந்த விளக்கின் முன்னால் பையனோடு நிற்கப்போவது நீங்கள்தான். பஸ்காரர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் குழப்பிக்கொண்டு தவறு செய்பவர்கள் நிறைய என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பல கிளப்புகள் டிக்கெட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற வழி வைத்திருக்கின்றன. கிளப்பின் செயலியிலோ இணையதளத்திலோ போய், டிக்கெட் வைத்திருப்பவர் உங்கள் உறுப்பினர் எண்ணைப் போட்டு மாற்றிவிடுவார். அப்புறம் அது உங்கள் கணக்கில், உங்கள் பெயரில் வந்து நிற்கும். இது கிளப் அனுமதித்த வழி, அதனால் சரி. ஆனால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். மாற்றம் கிளப்பின் அமைப்புக்குள்ளேயே நடக்க வேண்டும். அலைபேசித் திரையைப் படம் பிடித்து அனுப்புவது மாற்றம் ஆகாது. இந்தக் குறிப்பிட்ட ஆட்டத்துக்கு அந்த வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்; வீட்டு மைதான ஆட்டத்துக்கு மாற்ற அனுமதிக்கும் கிளப், வெளியூர் ஆட்டத்துக்கு மறுப்பது உண்டு. கடைசியாக, பெரியவர் டிக்கெட் பையனுக்குப் போனாலும் சிறுவர் டிக்கெட் உங்களுக்கு வந்தாலும் வாயிலில் சிக்கல் வரும். யாராவது "மாற்றித் தருகிறேன்" என்று சொன்னால், "என் உறுப்பினர் எண் இதோ, கிளப் வழியாக மாற்றுங்கள், கிளப் சொல்லும் விலையை மட்டும் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான ஆள் ஒத்துக்கொள்வார். பிளாக்கில் விற்பவர் அதற்குமேல் பேசமாட்டார்.

சரி, உள்ளூர் ரசிகர்கள் பக்கம். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய மைதானத்தில் நான் கண்ணால் பார்த்தது. அப்பாவும் மகனும் எதிரணி ரசிகர்கள் நடுவே உட்கார்ந்திருந்தார்கள். பையன் நம் அணியின் மஃப்ளரை ஜாக்கெட்டுக்குள் மறைத்துக் கட்டியிருந்தான். 20 நிமிடம் சத்தமே இல்லை. நம் அணி கோல் போட்டதும் அவன் எழுந்து கையைத் தூக்கிவிட்டான். குழந்தை, என்ன செய்வான்? மைதானக் காவலர்கள் வந்து இருவரையும் வெளியே கூட்டிப்போனார்கள். காவலர்கள் கடுமையாக நடக்கவில்லை, விதிப்படிதான் செய்தார்கள். அவன் அழுதுகொண்டே படியிறங்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. 10 வயதுப் பையனிடம் கோல் விழும்போது சும்மா இரு என்று சொல்லிக் கூட்டிப்போவது அவனுக்குச் செய்யும் கொடுமை. மேலும், சிறிய கிளப்புகள் இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு ஏற்கெனவே டிக்கெட் வாங்கிய கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும் விற்பது வழக்கம். நேற்று திறந்த கணக்குக்குக் கிடைத்தாலும் ரத்தாகலாம்.

அப்படியானால் நேர் வழி எப்படி? கோப்பை விதிப்படி, வெளியூர் அணிக்கு மைதானக் கொள்ளளவில் 15 சதவீதம் வரை டிக்கெட் கேட்க உரிமை உண்டு. காதில் விழும்போது நிறைய என்று தோன்றும். ஆனால் மைதானம் 6,000 பேருக்கானது என்றால் கிடைப்பது 900. பாதுகாப்புக் காரணம் காட்டி அதிலும் குறைக்கலாம். உங்கள் கிளப்போ வாரம்தோறும் பல்லாயிரம் பேர் கூடும் கிளப். அந்த 900, வெளியூர் ஆட்டங்களுக்கு விடாமல் போய்ப் புள்ளி சேர்த்தவர்களுக்கே முதலில் போகும். புள்ளி இல்லாதவருக்கு டிக்கெட் இல்லை, டிக்கெட் இல்லாதவருக்குப் புள்ளி இல்லை. இந்த முறையில் ஒரு குழந்தை எங்கே தொடங்குவது? கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டிருக்கிறேன். குழந்தைகளுக்கென்று ஐம்பது இடமாவது ஒதுக்குங்கள் என்று கேட்டால், பரிசீலிக்கிறோம் என்று எழுதிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான்.

இருந்தாலும் கதவு முழுக்க மூடியில்லை. விற்பனைக் கட்டங்கள் முடிந்தபிறகு, ஆட்டத்துக்கு முந்தைய சில நாட்களில் போக முடியாதவர்கள் திருப்பித் தரும் டிக்கெட்டுகள் கிளப்பின் அமைப்பில் ஒன்றிரண்டாக வரும். உங்கள் இருவர் கணக்கையும் முன்கூட்டியே குடும்பமாக இணைத்து வைத்துவிட்டுக் காலையும் மாலையும் பாருங்கள். விலை விஷயம்: பிரீமியர் லீக் வெளியூர் ஆட்டத்துக்கு உள்ள 30 பவுண்டு உச்சவரம்பு கோப்பைக்குப் பொருந்தாது. ஆனாலும் நான்காம் அடுக்கு மைதானத்தில் 140க்கு அருகில்கூட வராது.

ரயில் டிக்கெட்டை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். குலுக்கல் டிசம்பர் தொடக்கத்தில், ஆட்டம் ஜனவரியில். நடுவில் டிவிக்காக நாளையும் நேரத்தையும் மாற்றுவார்கள். முன்பதிவுச் சலுகை ரயில் டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது. சனிக்கிழமை மதியம் என்று நினைத்துப் பணம் கட்டியவன் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இன்னொரு முறை கட்ட வேண்டியிருக்கிறது. ரசிகனின் பையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

டிக்கெட் கிடைத்துவிட்டால் ஒரு மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய்விடுங்கள். சிறிய மைதானங்களில் வெளியூர் ரசிகர்களுக்குப் பல நேரம் கூரையில்லாத, நின்று பார்க்கும் படிக்கட்டுதான் தருவார்கள். பின்னால் நின்றால் பையனுக்குப் பெரியவர்களின் முதுகு மட்டும்தான் தெரியும். முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டால் கோல்கீப்பரின் கையுறையில் உள்ள சேறுவரை தெரியும். ஆனால் கம்பியைத் தாண்டக் கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள். 1972இல் ஹியர்ஃபோர்டில் ரானி ராட்ஃபோர்ட் நியூகாசிலுக்கு எதிராகத் தூரத்திலிருந்து அடித்த கோலுக்குச் சிறுவர்கள் மைதானத்துக்குள் ஓடிவந்ததை இன்றும் ஆசையாகக் காட்டுகிறார்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம்.

அந்த ஹியர்ஃபோர்டு ஆட்டமே, முதல் ஆட்டம் சமநிலையில் முடிந்ததால் மற்ற அணியின் ஊரில் நடந்த மறு ஆட்டம்தான். 2024-25 முதல், முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் ஐந்தாம் அடுக்கு டாம்வர்த் தன் ஊரில் பிரீமியர் லீக் அணியான டாட்டன்ஹாமை 90 நிமிடம் கோலில்லாமல் நிறுத்தியது. பழைய விதி இருந்திருந்தால் 60,000 பேருக்கு மேல் கொள்ளும் டாட்டன்ஹாம் மைதானத்தில் இன்னொரு ஆட்டம் நடந்திருக்கும். டிக்கெட் வசூலில் டாம்வர்த்துக்கும் பங்கு, உங்கள் மாதிரி அப்பாக்களுக்கும் டிக்கெட். அன்றைக்கே கூடுதல் நேரம் ஆடி 3-0 என்று முடித்துவிட்டார்கள். பெரிய கிளப்புகளின் ஆட்ட அட்டவணை நெருக்கடிக்காகச் சிறிய கிளப்பின் வருடச் செலவுக்கான பணத்தில் கைவைத்திருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம்தான்.

உங்களுக்கு இதில் நடைமுறை விஷயம் ஒன்று உண்டு. சமநிலை என்றால் அன்றே கூடுதல் நேரம் 30 நிமிடம், அதற்குமேல் பெனால்டி. மாலை ஆட்டமாக இருந்தால் இடைவேளைகளையும் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். லண்டனுக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்துவையுங்கள். பெனால்டி நடக்கும்போது பையனை வெளியே இழுத்து வர உங்களுக்கு மனம் வராது.