ரவிக்கையில் பூனை முடி – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே ரவிக்கைகளுக்கு ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் போடும் பூத்தையல், செய்து கொடுக்கிறேன். நான்கு வருடமாக என் வருமானம் இதுதான். போன மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்கு அரக்கு நிற வெல்வெட் ரவிக்கை ஒன்று செய்து கொடுத்தேன். இரண்டே நாளில் பெண்ணின் அம்மா நேரில் வந்துவிட்டார். கைப்பகுதியில் ஒரு குந்தன் கல்லுக்கு அடியிலிருந்து வெள்ளை முடி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. திட்டவில்லை, ஆனால் அவர் முகம் சுருங்கியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கல்லைப் பெயர்த்து வேறு ஒட்டிக் கொடுத்தேன்.

வீட்டில் சின்னு என்று ஒரு பூனை இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் மழையில் நனைந்து வந்த குட்டி. நான் வேலை செய்யும்போது, துணியை இழுத்துக் கட்டிய ஃப்ரேமுக்கு அடியில்தான் படுத்திருக்கும். “தொழில் நடக்கிற வீட்டில் பூனை எதற்கு? முடி பட்டால் இழுப்பு வரும், யாரிடமாவது கொடுத்துவிடு” என்கிறார் அத்தை. ஒட்டும் ரோலர் வாங்கி உருட்டிப் பார்த்தேன், முடி தீர்ந்தபாடில்லை. இப்போது இரண்டு முகூர்த்த ரவிக்கைகள் கையில் இருக்கின்றன. சின்னுவைக் கொடுத்துவிடட்டுமா?

– ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

சின்னுவைக் கொடுக்க வேண்டாம். கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுதத் தோன்றியது இதுதான், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், பசை காய்வதற்குள் ஃப்ரேம் திறந்து கிடந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் முடி விழுந்திருக்கும். திறந்து கிடக்கும் ஃப்ரேமால் ரவிக்கைக்கு வரும் கெடுதலை விடச் சின்னுவுக்கு வரக்கூடிய கெடுதல் பெரியது. அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

முதலில் முடியைப் பார்ப்போம். பூனைக்கு மேலே தெரியும் தடித்த முடி ஒன்று, அதற்கு அடியில் பஞ்சு மாதிரி மெல்லிய முடி இன்னொன்று. வெளியில் திரியும் பூனைக்குப் பகல் நீள்வதையும் குறைவதையும் ஒட்டி முடி உதிரும் பருவம் உண்டு. ராத்திரி வெகுநேரம் டியூப் லைட் எரியும் வீட்டுக்குள் வாழும் பூனைக்கு அந்தக் கணக்கு குழம்பிவிடும். வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். முகூர்த்த மாதத்தில் ஆரி வேலை செய்கிற வீட்டில் விளக்கு எத்தனை மணிக்கு அணையும் என்று எனக்குத் தெரியும்! ஆகவே உதிர்வதை நிறுத்த முடியாது. எங்கே உதிர்கிறது என்பது மட்டும் ஓரளவு நம் கையில் இருக்கிறது.

தினமும் காலையில் ஐந்து நிமிடம் சின்னுவை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்ச் சீவிவிடுங்கள். அதற்கென்று ஒரு பேன் சீப்பு வைத்துக்கொண்டால் போதும். கழுத்திலிருந்து வால் பக்கமாக, முடி படிந்திருக்கும் திசையிலேயே, அழுத்தாமல் சீவ வேண்டும். வயிற்றைத் தொட்டால் கோபித்துக்கொண்டால் வயிற்றை விட்டுவிடுங்கள். முடித்ததும் கையை லேசாக நனைத்து உடம்பைத் தடவினால் சீப்பில் சிக்காத உதிரி முடியும் கையோடு வந்துவிடும். சீப்பில் வந்த முடி உங்கள் துணிக்கு வராது, சின்னுவும் அதை நக்கி விழுங்காது. வெயில் காலம் என்று மொட்டையடித்து மட்டும் விடாதீர்கள், வெயிலிலிருந்து தோலைக் காப்பதே அந்த முடிதான். எங்காவது சொட்டையாகத் தெரிந்தாலோ, ஒரே இடத்தை ஓயாமல் நக்கினாலோ, அது சாதாரண உதிர்வு இல்லை. தெள்ளுப்பூச்சியோ தோல் நோயோ இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

பூனை துணிமேல் ஏறிப் படுத்தால்தான் முடி ஒட்டும் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை, அதிகமும் நம் நைட்டியில் ஏறித்தான் ஃப்ரேமுக்கு வருகிறது. மடியில் பூனையை வைத்துக் கொஞ்சிவிட்டு அதே உடையோடு வேலையில் சாய்கிறோம். பாப்ளின் துணியில் கழுத்திலிருந்து முழங்கால் வரை மறைக்கும் ஏப்ரன் ஒன்று தைத்து, வேலை செய்யும் அறையிலேயே ஆணியில் மாட்டி வையுங்கள். அந்த அறையை விட்டு அது வெளியே வரக் கூடாது. அப்புறம், பெருக்கிய கையோடு வேலைக்கு உட்காராதீர்கள். துடைப்பம் முடியைக் கிளப்பிவிடும், ஃபேன் அதை அறை முழுக்கச் சுற்றவிடும். ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டு அரை மணி நேரம் விட்டு உட்காருங்கள்.

சின்னு ஃப்ரேமுக்கு அடியில் படுத்திருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி அதுதான். ஆரியில் நூல் துணிக்கு அடியில் ஓடுகிறது. கொக்கி ஊசி கீழே இறங்கி நூலைப் பிடித்து மேலே இழுத்து வருகிறது. நூல்கண்டு தரையில் பூனைக்குப் பக்கத்தில் கிடந்தால், நூலில் ஒட்டிய முடியும் கொக்கியோடு மேலே வந்து சங்கிலித் தையலுக்குள் பின்னிக்கொள்ளும். ரோலர் துணிமேல் கிடக்கும் முடியை எடுக்கும், தையலுக்குள் போன முடியை எப்படி எடுக்கும்? உங்கள் ரோலர் வேலை தீராமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நாம் மேலே துணி போட்டு மூடுகிறோம், அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, மூடியில் சின்ன ஓட்டை போட்டு, நூல்கண்டை உள்ளே வைத்து, நுனியை மட்டும் வெளியே விடுங்கள். பத்து ரூபாய்க்கும் குறைவான செலவு. அந்த டப்பா பூனையிடமிருந்து நூலைக் காக்கும். நூலிடமிருந்து பூனையையும் காக்கும்.

எனக்கு இது புரிந்தது பட்ட பிறகுதான். என்னிடம் பஞ்சு என்று ஒரு வெள்ளைப் பூனை பதினோரு வருடம் இருந்தது. அதற்கு ஏழு வயதாக இருக்கும்போது ஒரு சாயங்காலம், குக்கர் விசில் கேட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது அதன் வாயோரத்தில் சிவப்புப் பட்டு நூல் விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். கொஞ்சம் வந்தது, பிறகு வரவில்லை, பஞ்சு கத்தியது. விட்டுவிட்டேன். அன்று நான் இழுத்ததே தவறு என்று பிறகு டாக்டர் விளக்கினார்.

பூனையின் நாக்கை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அந்த முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்தவை. நாக்கில் சிக்கிய நூலைப் பூனையால் துப்ப முடியாது, உள்ளேதான் தள்ள முடியும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டு, மறுமுனை குடலுக்குள் போய்விட்டால், குடல் அதை முன்னே தள்ளப் பார்க்கும், நூல் நகராது. பாவாடை நாடாவை இழுத்தால் இடுப்புத் துணி கொசுவம் கொசுவமாகச் சுருங்குமே, அப்படிக் குடல் நூலின் மேல் சுருங்கிக்கொள்ளும். இழுபடும் நூல் குடலை அறுத்தும்விடும். நூலோடு ஊசியும் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். ஊசி எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், நூல் அப்படித் தெரியாது. பஞ்சுவுக்கு வயிற்றைத் திறந்துதான் நூலை எடுத்தார்கள். நான்காம் நாள்தான் மீனை முகர்ந்து பார்த்தது. அதற்குப் பிறகு நான்கு வருடம் நன்றாக இருந்தது.

அதனால் இதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். எண்ணெய் கொடுத்து, உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நூல் விழுங்கியதைப் பார்க்காவிட்டாலும், திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் தொடாமல் மூலையில் ஒளிந்துகொள்வது, எச்சில் வடிவது, காலால் வாயைத் தட்டிக்கொண்டே இருப்பது என்று தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நேரம், தொலைபேசி எண் எல்லாம் இப்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொழிலில் இன்னும் இரண்டு பொருள் பூனைக்கு ஆகாது. டிசைன் எடுக்க மண்ணெண்ணெயில் பவுடரைக் குழைத்துத் தேய்ப்பீர்கள் இல்லையா, அது பாதத்தில் பட்டால் பூனை நக்கித்தான் சுத்தம் செய்யும். அது உலர்ந்து வாடை போகும்வரை அறைக் கதவு சாத்தியிருக்கட்டும். பட்டுத்துணி அலமாரியில் பாச்சை உருண்டை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது பூனைக்கு விஷம். வேப்பிலையும் வசம்பும் போட்டு வைத்த வீடுகள்தானே நம்முடையவை. ஆனால் எதைப் போட்டாலும் பூனை நக்க முடியாதபடி துணியில் முடிந்து, மூடிய அலமாரிக்குள் வையுங்கள்.

கல் ஒட்டுவதுதான் ரவிக்கைக்கு ஆபத்தான நேரம். துணியில் விழுந்த முடியைப் பிறகும் எடுக்கலாம், ஈரப் பசையில் விழுந்தது கல்லோடு காய்ந்துவிடும், பெயர்க்காமல் எடுக்க முடியாது. எனவே கல் வேலையைத் துண்டு துண்டாகச் செய்யாமல் ஒரே அமர்வில், கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திச் செய்யுங்கள். ஒட்டியதும் காலி அட்டைப் பெட்டி ஒன்றை அந்த இடத்தின் மேல் கவிழ்த்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். வெல்வெட்டில் விழுந்த முடியைக் கையால் தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். செலோ டேப்பை விரலில் சுற்றி ஒற்றி ஒற்றி எடுங்கள். ஜரி மேல் டேப் வேண்டாம், பளபளப்பு உரிந்துவிடும். அங்கே ட்வீசர்தான். பட்டில் ஈரக்கையை வைக்காதீர்கள், தண்ணீர்த் தடம் போகாது.

அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுத்துச் சண்டை போட வேண்டாம். இழுப்புக்கு முடி நேரடிக் காரணம் இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பூனை நக்கும்போது அது முடியில் காய்ந்து, தூசியாகப் பறந்து மூச்சில் போகிறது. வீட்டில் யாருக்காவது தும்மலோ மூச்சுத்திணறலோ இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், அப்போது வேறு முடிவு தேவைப்படலாம். யாருக்கும் ஒன்றும் இல்லையென்றால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வாடிக்கையாளருக்கும் இதே ஒவ்வாமை இருக்கலாம். ஆர்டர் வாங்கும்போதே “எங்கள் வீட்டில் பூனை உண்டு, உங்கள் துணி தனி அறையில் மூடித்தான் இருக்கும்” என்று சொல்லிவிடுங்கள். ஓரிரண்டு ஆர்டர் போகலாம், போகட்டும். தெரிந்து கொடுப்பவர் உங்களை நம்பித்தான் கொடுப்பார்.

தொழில் நடக்கிற வீட்டில் பூனை எதற்கு என்று அத்தை கேட்டபோது எனக்கு ஸ்காட்லாந்து ராணி மேரி நினைவுக்கு வந்தார். 1568இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவரை எலிசபெத் ராணி காவலில் வைத்தார். 1587இல் தலை வெட்டப்படும்வரை வெளியே விடவில்லை. அந்த வருடங்களில் அவர் பூத்தையல் போட்டுக்கொண்டே இருந்தார். அதில் ஒரு துண்டில் செம்பட்டைப் பூனை ஒன்றும் அதன் பக்கத்தில் ஒரு எலியும் இருக்கின்றன. எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனைச் சேகரிப்பில் அது இன்றும் இருக்கிறது. எலிசபெத்துக்குச் செம்பட்டை முடி, எலி மேரிதான் என்று சொல்வார்கள். எனக்கோ அந்தத் தையலைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம், இவர் பூனையை அருகில் வைத்து நிறைய நேரம் பார்த்திருக்கிறார் என்றுதான் தோன்றும்.

முகூர்த்தத் தேதிகளை நீங்கள் எழுதவில்லை. கல் வேலை மீதியிருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். சின்னு மதியத்தில் நன்றாகத் தூங்கும், அதுதான் சரியான நேரம். அறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்திலேயே, உங்கள் பழைய புடவை ஒன்றை மடித்துப் போட்டு வையுங்கள். உங்கள் வாசம் இருந்தால் அங்கேயே படுத்துக்கொள்ளும்.

அன்புடன்,
அக்கா